காப்பிடத்தில் நாற்று வளர்த்தல்: விதை முதல் நடவு வரை இயற்கை முறையில்

காய்கறிச் சாகுபடியில் லாப நஷ்டம் பெரும்பாலும் முதல் முப்பது நாட்களிலேயே நிர்ணயமாகிவிடுகிறது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் குடியானவர்கள் அன்றாடம் சொல்லும் பழமொழி. ஆயினும் வயலுக்கு உழவு, எரு, வேலி, கூலி என்று தாராளமாகச் செலவிடும் நிலச்சொந்தக்காரர்களில் அநேகர், நாற்றங்காலுக்கு மட்டும் வரப்போரத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, விதையைத் தூவி, மேலே வைக்கோலைப் பரப்பிவிட்டுத் தெய்வத்தின் மீது பாரத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஐப்பசியில் ஒரே இரவில் பெய்யும் மழை அந்தப் பாத்தியை அடித்துக்கொண்டு போனால், மறுபடி விதைத்து நாற்றெடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நடவின் பருவம் தவறிவிடும். நஷ்டமாவது விதையின் விலை மாத்திரமன்று. அந்தப் போகமே நஷ்டமாகும்.

ஆகையால் கத்தரி, தக்காளி, மிளகாய் முதலிய பயிர்களுக்கு, மழையும் வெயிலும் நேரே தாக்காத காப்பிடத்தில், இரசாயன உரமும் மருந்தும் சேர்க்காமல், விதை முதல் நடவு வரை நாற்று வளர்க்கும் முறையை இங்கே விவரிக்கிறோம்.

ஆதம்பாக்கமும் சுற்றுப்புறமும்

பரங்கிமலைக்கும் வேளச்சேரிக்கும் இடையில் உள்ள ஆதம்பாக்கம், முற்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கிராமமாயிருந்தது. ஆலந்தூர் நகராட்சியுடன் சேர்ந்து 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியில் அடங்கிற்று. ஏரி இன்னும் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த வயல்கள் மனைகளாகிவிட்டன. எனினும் இங்கே வீடும், தெற்கேயும் மேற்கேயும் உள்ள கிராமங்களில் நிலமும் உடையவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயலுக்கு வாரம் ஒரு முறையோ இரு முறையோதான் போய்வரக்கூடிய இவர்களுக்கு, தினமும் கவனிக்கவேண்டிய நாற்றை வீட்டின் மாடியிலோ தாழ்வாரத்திலோ வளர்த்து, நடும் நாளன்று வண்டியில் ஏற்றிச் செல்வதே உசிதமான வழி. கிராமத்திலேயே குடியிருப்பவர்களும் இம்முறையை மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஒரு சிறு பந்தலில் அப்படியே கைக்கொள்ளலாம்.

ஆதம்பாக்கத்துக்கு வடக்கே, அடையாற்றின் அக்கரையில் உள்ள சைதாப்பேட்டையில்தான் 1868-ஆம் ஆண்டில் இம்மாகாணத்தின் விவசாயப் பள்ளி தொடங்கப்பட்டது. அது 1906-இல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டுக் கல்லூரியாக வளர்ந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. கீழே காணும் அளவுகளிற் பல அப்பல்கலைக்கழகம் சிபாரிசு செய்பவையே.

காப்பிடத்தின் அநுகூலங்களும் பிரதிகூலங்களும்

திறந்த பாத்தியில் நாற்றைக் கெடுப்பவை மூன்று: மழையின் அடி, கடும் வெயில், சாறு உறிஞ்சும் பூச்சி. இம்மூன்றையும் காப்பிடத்தில் தடுக்கலாம். குழித்தட்டில் வளர்த்தால் ஒவ்வொரு நாற்றும் தனித்தனி வேர்க்கட்டியோடு எழும். பிடுங்கும்போது வேர் அறாது. நட்டபின் வாடிக்கிடக்கும் நாட்களும் குறையும். விதையும் சிக்கனமாகும். ஒரு குழியில் நோய் கண்டால் அதை மாத்திரம் அகற்றிவிடலாம். பாத்தியில் அப்படிச் செய்வது கடினம்.

பிரதிகூலங்களையும் சொல்லவேண்டும். காப்பிடத்தில் வெளிச்சம் குறையும், காற்றோட்டம் குறையும். குழியில் உள்ள கலவை மிகச் சொற்பமானதால், ஒரு நாள் ஜலம் விடத் தவறினாலும் நாற்று வாடும். சற்று மிகுந்தாலும் அழுகும். தினமும் காலையில் கால் மணி நேரம் ஒதுக்க இயலாதவர் இம்முறையில் இறங்காதிருப்பது நலம்.

இடமும் வெளிச்சமும்

மாடியிலோ முற்றத்திலோ காலை வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். மூங்கிலாலோ இரும்புக் குழாயாலோ சட்டம் நாட்டி, மேலே ஐம்பது சதவீதம் நிழல் தரும் வலையையும், நான்கு பக்கமும் நாற்பது கண் நைலான் வலையையும் கட்டவேண்டும். பக்க வலை நிழலுக்காக அன்று, வெள்ளை ஈ நுழையாதபடி தடுப்பதற்காக. ஆகவே கீழ்விளிம்பைத் தரையோடு சேர்த்துப் பாரம் வைத்து அடைக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிழல்வலையின் மேல் கண்ணாடி போன்ற பாலித்தீன் விரிப்பைச் சரிவாகக் கட்டினால் மழை ஜலம் உள்ளே இறங்காது. தட்டுகளைத் தரையில் வைக்காமல் இரண்டரை அடி உயரமுள்ள மேடையில் வைத்தால், அடியில் காற்று ஓடும். நத்தையும் எலியும் எளிதில் அணுகா.

வீட்டின் அறைக்குள்ளேயே வளர்க்க விரும்புவோர் ஒன்றை நினைவிற்கொள்ளவேண்டும். நமது கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றும் அறை, செடிக்கு இருட்டறையாகவே இருக்கும். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று முழம் உள்ளே போனாலும் வெளிச்சம் மிகவும் குறைந்துவிடுகிறது. வெளிச்சம் போதாத நாற்று அதைத் தேடி உயரமாக நீளும். தண்டு நூல்போல் மெலிந்து வெளிறும். ஒரு பக்கமாகச் சாயும். இவ்விதம் நீண்ட நாற்றைப் பின்னர் எவ்வளவு எரு இட்டாலும் சீர்ப்படுத்த முடியாது. வயலில் முதல் காற்றிலேயே ஒடியும். அறையில் வளர்க்கவேண்டிய நிர்ப்பந்தம் இருந்தால், வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்குகளை நாற்றின் நுனிக்கு மேல் ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்குப் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் எரியவிடவும். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்தவும். மற்ற நேரம் இருள் இருக்கட்டும். அறையில் காற்று அசையச் சிறு மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் தண்டு உறுதிப்படும், ஈரமும் தேங்காது.

நாற்றுக் கலவை

குழித்தட்டுக்கு வயல் மண் தனியே ஆகாது. இறுகி, ஜலத்தை வடியவிடாது. தென்னை நார்க்கழிவை மக்கவைத்து எடுத்த உரமே இதற்கு ஏற்றது. பச்சை நார்க்கழிவை நேரே உபயோகிக்கலாகாது. அதில் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 112-க்கு 1. நன்கு மக்கியபின் 24-க்கு 1 என்ற அளவுக்கு வருகிறது. மக்காத பொருளை மண்ணில் இட்டால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குச் சேரவேண்டிய தழைச்சத்தைத் தாமே உண்டுவிடும். நாற்று மஞ்சளித்து நின்றுவிடும். மேலும் பச்சை நார்க்கழிவில் உப்பும் துவர்ப்புப் பொருளும் உண்டு. கட்டிகளாக விற்கப்படும் நார்க்கழிவை வாங்கினால், ஊறவைத்து, வடியும் ஜலத்தின் செந்நிறம் மறையும்வரை மூன்று நான்கு முறை அலசவேண்டும்.

பல்கலைக்கழகத்தின் சிபாரிசு, சுத்தி செய்த நார்க்கழிவு 300 கிலோவுக்கு வேப்பம்பிண்ணாக்கு 5 கிலோ, அசோஸ்பைரில்லம் 1 கிலோ, பாஸ்போபாக்டீரியா 1 கிலோ என்பதாகும். தொண்ணூற்றெட்டுக் குழிகள் உள்ள தட்டு ஒன்றை நிரப்ப ஏறக்குறைய 1.2 கிலோ கலவை பிடிக்கும். மண்புழு உரம் கிடைப்பவர்கள் நான்கு பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளலாம். சாணம் சேர்ப்பதாயின், வாடையும் சூடும் அடங்கி, கையிலெடுத்தால் மண்ணைப்போல் உதிரும் பழைய தொழுவுரமாய் இருக்கவேண்டும். பச்சைச் சாணம் இளவேரை வேகவைத்துவிடும்.

கலவை பக்குவமாயிற்றா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சட்டியில் அதை நிரப்பிச் சிறிது கடுகை விதைத்துப் பார்க்கவும். கடுகு செழுமையாக முளைத்துப் பசுமையாக நின்றால் கலவை நல்லது. முளைப்புக் குறைந்தாலோ நுனி கருகினாலோ மறுபடி அலசி, இன்னும் சில வாரம் மக்கவிடவேண்டும். ஈரப்பதத்துக்குக் கைதான் அளவுகோல். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும். விரலிடுக்கில் ஜலம் சொட்டலாகாது.

விதையும் விதை நேர்த்தியும்

விதைப்பையின் மேல் அச்சிட்டுள்ள முளைப்புத் திறனையும் காலாவதித் தேதியையும் முதலில் பார்க்கவும். சான்று பெற்ற கத்தரி, தக்காளி விதைகளுக்குக் குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம். மிளகாய்க்கு 60 சதவீதம். சொந்த விதையாயின், நூறு விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளைத்தவற்றை எண்ணினால் சதவீதம் தானே தெரியும். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் கிழட்டு விதையைப் போட்டுவிட்டு மண்ணையும் மழையையும் நொந்துகொள்வதில் பயனில்லை.

இளஞ்சிவப்பு, நீலம் முதலிய சாயம் பூசிய விதை இரசாயனப் பூசணக்கொல்லியிட்டதாக இருக்கும். இயற்கை முறைச் சான்று பெற விரும்புவோருக்கு அது உதவாது. மேலும் அதன் மேல் நாம் பூசும் நன்மை தரும் நுண்ணுயிர்களும் செத்துப்போகும். மருந்திடாத விதையைக் கேட்டு வாங்கவேண்டும். பெரியகுளம் 1 தக்காளி, பாலூர் 1 கத்தரி, கோவில்பட்டி 1 மிளகாய் போன்ற இரகங்களில் நோயற்ற செடியின் பழுத்த காயிலிருந்து வீட்டிலேயே விதை எடுக்கலாம். வீரிய ஒட்டு விதையிலிருந்து அவ்விதம் எடுத்தால் மறு தலைமுறையில் குணங்கள் பிரிந்து, செடிக்கொரு விதமாகக் காய்க்கும்.

விதை நேர்த்திக்கு, ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் புளோரசன்ஸ் 10 கிராம் போதும். நூறு கிராம் விதைக்கு இதில் பத்தில் ஒரு பங்கு. விதையைச் சிறிது ஈரப்படுத்திப் பொடியைப் புரட்டி, ஒரு நாள் கழித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் அசோஸ்பைரில்லத்தைக் கலந்து மறுபடி புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி உடனே விதைக்கவும். வெயிலில் உலர்த்தலாகாது. இப்பொடிகள் உயிருள்ள வித்துகள். காலாவதியான பொட்டலமும், வெயிலில் கிடந்த பொட்டலமும் வெறும் சுண்ணத்தூளுக்குச் சமம்.

விதைத்தலும் முளைப்பும்

தட்டின் குழிகளைக் கலவையால் நிரப்பி, விரலால் அரைச் சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி, குழிக்கு ஒரு விதை வீதம் இட்டு, அதே கலவையால் மூடவும். மேலாக ஜலம் தெளித்தபின் எட்டு முதல் பத்துத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் விரிப்பால் மூடி, நிழலில் வைக்கவும். உள்ளே ஈரமும் வெதுவெதுப்பும் நிலைத்து முளைப்பு ஒரே சீராகும். இவ்விதைகளுக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் உஷ்ணமே ஏற்றது. சித்திரை, வைகாசியில் மாடித்தளத்து வெப்பம் இதற்கு மிஞ்சிவிடும். அப்போது அடுக்கைக் கீழ்த்தளத்தில் வைக்கவேண்டும்.

தக்காளி ஐந்தாறு நாளிலும், கத்தரி ஆறு முதல் எட்டு நாளிலும், மிளகாய் ஏழு முதல் பத்து நாளிலும் முளைக்கும். நாலாம் நாள் முதல் தினமும் விரிப்பைத் தூக்கிப் பார்க்கவும். முளை வளைந்து மேலே தெரிந்த அன்றே தட்டுகளைப் பிரித்து வெளிச்சத்தில் பரப்பிவிடவேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் இருளில் முளை நீண்டு வெளிறி, அந்தத் தட்டு முழுவதும் வீணாகலாம்.

ஜலம் விடுதல்

பூவாளியாலோ தெளிப்பானாலோ காலையில் ஒரு முறை விடவும். கோடையில் பிற்பகல் மூன்று மணிக்குள் இரண்டாம் முறை விடலாம். அந்தி வேளையில் விட்டால் இலையும் தண்டும் இரவு முழுவதும் நனைந்திருக்கும். நோய்க்கு அதைவிட உகந்த நிலை வேறில்லை. மேற்பரப்பு சற்று வெளுத்தபின் விடுவதும், அடித்துளை வழியே சிறிது வடியும்வரை விடுவதும் முறை. எல்லாத் தட்டும் ஒரே சீராக உலர்வதில்லை. ஓரத்துத் தட்டுகள் முன்னதாகவே உலரும். ஆதலால் தட்டைக் கையிலே தூக்கிக் கனம் பார்த்து விடப் பழகவேண்டும்.

கடலோரப் பகுதிகளில் சில கிணற்று ஜலம் உப்பாயிருக்கும். முதிர்ந்த செடி தாங்கும் உப்பை இளநாற்று தாங்காது. இலை விளிம்பு கருகும். மழைநீர் சேகரிப்பு இம்மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மாடி ஜலத்தில் ஒரு பகுதியைத் தொட்டியில் பிடித்து மூடி வைத்தால் நாற்றுக்கு அதைவிட நல்ல ஜலம் கிடையாது.

நாற்றழுகல்

நாற்று வளர்ப்போர்க்கு முதல் சத்துரு இதுவே. பித்தியம் என்னும் பூசண வகை இதற்குக் காரணம். இந்தியாவில் இவ்வினத்தை விரிவாக ஆராய்ந்து எழுதிய பட்லர் துரையின் நூல் 1907-இல் வெளிவந்தது. இந்நோய் இரண்டு விதமாகத் தாக்கும். முதல் விதத்தில் முளை மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். குடியானவர் விதை கெட்டது என்று எண்ணி விதை விற்றவரோடு சண்டைக்குப் போவார். இரண்டாம் விதத்தில் நேற்று நன்றாய் நின்ற நாற்று, இன்று தரைமட்டத்தில் தண்டு நைந்து சாய்ந்து கிடக்கும். ஓரிடத்தில் தொடங்கி வட்டமாகப் பரவும்.

இப்பூசணத்தின் வித்துகள் ஜலத்தில் நீந்திச் செல்லும் சக்தியுடையவை. ஆகையால் தேங்கிய ஈரம் இல்லாவிடில் இது பரவுவது அரிது. நெருக்கமான விதைப்பு, அந்தி நேரத்து ஜலம், வடிகாலற்ற கலவை, காற்றோட்டமின்மை ஆகிய நான்கையும் நீக்கினால் பாதி வைத்தியம் முடிந்தது. மற்றப் பாதிக்கு டிரைக்கோடெர்மா உதவும். இதுவும் ஒரு பூசணமே. கெட்ட பூசணத்தைச் சுற்றிப் படர்ந்து அதையே உணவாகக் கொள்ளும். ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை ஐம்பது கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காயாமல் பதினைந்து நாள் நிழலில் வைத்திருந்தால் பெருகும். அதைக் கலவையோடு சேர்க்கவும். நோய் வருமுன் இடவேண்டிய பொருள் இது. வந்தபின் இடுவதால் சாய்ந்த நாற்று எழாது.

நோய் கண்ட குழிகளைக் கலவையோடு அகற்றிப் புதைத்துவிட்டு, அந்தத் தட்டுக்கு இரண்டு நாள் ஜலத்தைக் குறைக்கவும். பழைய தட்டுகளைச் சோப்பு ஜலத்தில் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே மறுமுறை உபயோகிக்கவும். பாத்தியில் நாற்று விடுவோர், கோடையில் மண்ணை நனைத்து, கண்ணாடிப் பாலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி, நாலு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுவதால் மண்ணிலுள்ள பூசணமும் களைவிதையும் பெருமளவு அழியும்.

இலைச்சுருள் நோயும் பூச்சிகளும்

தக்காளி, மிளகாய் இலைச்சுருள் நோயை வெள்ளை ஈ கொண்டுவருகிறது. நாற்றுப் பருவத்திலேயே நோய் ஏறிய செடி வயலில் காய்ப்பது மிகவும் சொற்பம். இந்நோய்க்கு, இரசாயனமோ இயற்கையோ, குணப்படுத்தும் மருந்து இல்லை. வலையால் தடுப்பதே வழி. வலைக்குள்ளே மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் பூசித் தொங்கவிட்டால் தப்பி நுழைந்த ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். எத்தனை ஒட்டியுள்ளன என்று எண்ணிப் பார்ப்பதால் வலையில் ஓட்டை உண்டா என்பதும் தெரியும். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிய கரைசலை மாலையில் தெளிக்கலாம். இளநாற்றாதலால் முதலில் பத்து நாற்றுகளுக்கு மாத்திரம் தெளித்து, இரண்டு நாள் பார்த்தபின் மற்றவற்றுக்குத் தெளிக்கவும். புகையிலை உபயோகிப்போர் கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே நாற்றைத் தொடவேண்டும். புகையிலையிலுள்ள நச்சுயிரி தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றக்கூடியது.

ஊட்டம்

முதல் இரண்டு விதையிலைகள் விரியும்வரை நாற்று தன் விதையிலுள்ள உணவையே உண்டு வளரும். அதுவரை எதுவும் இடவேண்டாம். உண்மையான இலை இரண்டு வந்தபின் ஊட்டம் தேவை. கொடுமுடி டாக்டர் நடராஜன் அவர்கள் பரவச் செய்த பஞ்சகவ்யத்தை மெல்லிய துணியில் வடிகட்டி, லிட்டருக்கு 30 மில்லி வீதம் கலந்து, பதினைந்தாம் நாள் ஒரு முறையும், ஒரு வாரம் கழித்து மறுமுறையும் தெளிக்கலாம். மண்புழுக் குளியல் நீர் கிடைப்பவர்கள் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ஜலம் சேர்த்து உபயோகிக்கலாம். அதிகம் இட்டால் அதிகப் பலன் என்ற எண்ணம் வேண்டாம். மிதமிஞ்சி ஊட்டிய நாற்று கரும்பச்சையாய்க் கொழுத்து, தண்டு மிருதுவாகிப் பூச்சியை அழைக்கும்.

பழக்குதலும் நடவும்

நடுவதற்கு ஏழு நாள் முன்பிருந்து ஜலத்தைச் சிறுகக் குறைத்து, நிழல்வலையை விலக்கி, முதல் நாள் இரண்டு மணி நேரம், அடுத்த நாள் நாலு மணி நேரம் என்று வெயிலுக்குப் பழக்கவும். இதைச் செய்யாமல் நிழலிலிருந்து நேரே வயலுக்குக் கொண்டுபோன நாற்று, நல்ல நாற்றாயிருந்தும் வெந்துபோகும். தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்கு வரும். நாட்கணக்கை மாத்திரம் நம்பாமல் நாற்றைப் பார்க்கவும். நாலைந்து இலைகளும் உறுதியான தண்டும் இருக்கவேண்டும். மெல்ல இழுத்தால் வெள்ளை வேர் பின்னிய கட்டியோடு முழுதாக வெளிவரவேண்டும். வேர் பழுப்பாகி வட்டமிட்டுச் சுற்றியிருந்தால் நாள் கடந்துவிட்டது என்று பொருள். மாலை வேளையில் நட்டு உடனே ஜலம் பாய்ச்சவும்.

ஓர் ஏக்கருக்குக் கணக்கு

வீரிய ஒட்டுக் கத்தரியை 90 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால், ஏக்கருக்கு ஏறக்குறைய 7,500 நாற்றுகள் வேண்டும். பழுதுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 8,250. தொண்ணூற்றெட்டுக் குழித் தட்டுகள் 85 இருந்தால் போதும். அவற்றை நிரப்ப 102 கிலோ கலவையும், பரப்பிவைக்க ஏறக்குறைய 135 சதுர அடி இடமும் வேண்டும். நடைவழியையும் சேர்த்தால் இருநூறு சதுர அடிப் பந்தல் ஓர் ஏக்கருக்கு நாற்றுத் தரும். முளைப்பு 80 சதவீதமாயின் சில தட்டுகள் கூடுதலாக விதைக்கவேண்டும் என்பதையும் கணக்கில் கொள்க.

விளைபொருளை இயற்கை முறை என்று சான்றுடன் விற்க விரும்புவோர், நாற்றங்கால் முதலே குறிப்புப் புத்தகம் வைக்கவேண்டும். விதை வாங்கிய இரசீது, இட்ட பொருள், தேதி யாவும் அதில் இருக்கட்டும். கோயமுத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இதற்குரிய விண்ணப்பங்களைப் பெறுகிறது. ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகள் மாறுதற்காலம் உண்டாகையால், தாமதியாமல் பதிவு செய்வது நன்மை.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

வலையும் விளக்கும் கட்டிய பந்தலைக் கண்டால் உள்ளே என்ன வளர்கிறது என்று அயலார் சந்தேகிப்பதும், விலக்கப்பட்ட கஞ்சாவைச் சிலர் வீட்டுக்குள்ளேயே தொட்டியில் வளர்ப்பதும் இக்காலத்தில் உண்டு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, அநுமதியின்றிக் கஞ்சாச் செடி எதையும் பயிரிடுவது குற்றம். வயலென்றும் வீடென்றும் வித்தியாசமில்லை. தண்டனை பத்து ஆண்டுகள் வரை கடுங்காவலும், லட்சம் ரூபாய் வரை அபராதமும் ஆகும். தம் நிலத்தில் பிறர் அவ்விதம் பயிரிட்டிருப்பதை அறிந்த நிலச்சொந்தக்காரரும், அது தெரியவந்த கிராம அதிகாரியும் உடனே தகவல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். குத்தகைக்கு விட்ட நிலத்தையும் வாடகைக்கு விட்ட வீட்டையும் இடையிடையே பார்வையிடுவது ஆகவே அவசியம்.

அதே சமயம், குற்றமற்ற குடியானவர் தொல்லைக்குள்ளாகாதபடியும் பார்க்கவேண்டும். பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பு வேறு செடி. அதன் இலை தனித்தனியாக நீண்டிருக்கும், பூ மஞ்சளாக அவரையினத்துப் பூவைப்போல் இருக்கும். நாருக்கும் கீரைக்கும் வளர்க்கும் புளிச்சையினத்தில் ஒன்றன் இலை, கஞ்சா இலையைப்போலவே விரல் விரலாகப் பிளந்திருக்கும். தாவர நூலாரும் இவ்வொற்றுமையைக் கொண்டே அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் புளிச்சையின் பிளவு இலையின் அடிவரை எட்டுவதில்லை. நடுவில் கருஞ்சிவப்புள்ள வெளிர்மஞ்சள் பூ வெண்டைப் பூவைப்போல் பெரிதாய் மலரும். கஞ்சாவில் விளிம்பெல்லாம் பல்போன்ற சிற்றிலைகள் காம்பிலிருந்தே தனித்தனியாகப் பிரியும்; பூ சிறியது, பச்சை நிறம். ஐயம் ஏற்பட்டால் செடியைப் பிடுங்குமுன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குத் தெரிவித்து அறிந்துகொள்ளலாம்.

முடிவுரை

மேற்சொன்னவற்றுள் பிரதானமானவை இவை. மருந்திடாத, முளைப்புச் சோதித்த விதையை வாங்குக. அலசி மக்கவைத்த கலவையை நிரப்புக. முளை தெரிந்த அன்றே வெளிச்சம் காட்டுக. காலையில் மாத்திரம் ஜலம் விடுக. வலையில் ஓட்டை விடாதிருக்க. நடுமுன் ஏழு நாள் வெயிலுக்குப் பழக்குக.

முதல் வருஷத்தில் பத்துத் தட்டுகளோடு தொடங்கி, அவற்றின் நாற்றையும் பாத்தி நாற்றையும் ஒரே வயலில் அடுத்தடுத்த வரிசைகளில் நட்டு, எத்தனை செடி பிழைத்தன, எந்த நாளில் முதல் காய் பறித்தோம் என்று எழுதிவருவது உத்தமம். தம் நிலத்தில் தாமே எடுத்த கணக்கைப் பார்த்தபின் மறு வருஷம் எத்தனை தட்டு வைப்பது என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ளலாம்.